குழந்தை நீக்கப்பட்ட பதிப்பு

நனைந்த விரிப்புகளைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் இறங்கிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்றால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு யாரோ தொங்குவதுபோல் தெரியும். காலையில் எழுந்ததும் இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்து, விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்ப்பேன். ஐந்தும் மடங்கினால் வேலைக்குப் போவேன். நான்கு மடங்கினாலும் போவேன். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். காய்ந்த விரிப்பு காகிதம் மாதிரி இருக்கும். நனைந்தால் நோயாளி இன்னும் அதில் படுத்திருப்பதுபோல் கனக்கும்.

அப்படி வலித்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் இஸ்திரி அக்கா ஒரு செய்தித்தாள் துண்டோடு வந்தாள். எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் தேய்ப்பவள். சாப்பாடு சுற்றிவந்த தாளை வாசிக்காமல் எறிய மாட்டாள்.

"அடியே, உன் சாவிக்காரியைத் தேடுறாங்கடி!"

"யாரு?"

"கவர்மென்டு. என்ன தப்பு பண்ணாளோ பாவம்."

கதாநாயகியர் மறுவாசிப்பு வாரியம் என்ற அலுவலகத்தின் அறிவிப்பு அது. உறங்கும் கணவனை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டி, சாவியைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வெளியேறும் கதாநாயகியைக் கொண்ட பழைய நாவலை வாரியம் இரண்டு ஆண்டுகளாக நவீனக் கண்கொண்டு மறுவாசிப்பு செய்துவருகிறது. அந்த நாவலின் பிரதி எவரிடமேனும் இருந்தால் தந்து உதவவும். தருபவருக்கு வாரியத்தில் காலியாக உள்ள 'எளிய வாசகர்' இருக்கை வழங்கப்படும்.

பிரதி என்னிடம் இருந்தது. அட்டை கிடையாது. முதல் நான்கு பக்கமும் கிடையாது. அதனால் எழுதியவர் பெயரோ கதையின் பெயரோ எனக்குத் தெரியாது. நாங்கள் அவளைச் சாவிக்காரி என்போம். சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, துவைக்கும் பகுதி முழுக்க அவளைத் தெரியும். கருணை இல்லாத மேற்பார்வையாளர் வரும்போது யாராவது "சாவி எங்கடி?" என்பார்கள். எல்லாரும் சிரிப்போம்.

என் இருபத்து நான்காவது வயதில் அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. எடைக்குப் போட வைத்திருந்த தாள்களுக்குள் கிடந்தது. என் கணவர் அடிப்பார். விரித்து எழுத அதில் ஒன்றுமில்லை. அடி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் விழும். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சாவிக்காரி, நான்கு வயது மகளைத் தூக்கத்திலேயே நாத்தனார் வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்து கதவைப் பூட்டுகிறாள். அந்தப் பக்கத்தைப் படித்த பதினோராம் நாள் நானும் கிளம்பினேன். பூட்டவில்லை, எங்கள் வீட்டுப் பூட்டு கெட்டிருந்தது. பையில் இரண்டு உடை, ஒரு துண்டு, அந்தப் புத்தகம். ஐந்து வயது மகளை அவள் அத்தை வீட்டில் விட்டேன். பிறகு பதினோரு வருஷம் அவளைப் பார்க்கவில்லை.

பதினாறு வயதில் அவளே என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து எட்டு வருஷமாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருகிறாள். அரை மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். அம்மா என்று கூப்பிட மாட்டாள். 'நீங்க' என்பாள், வாடகை வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல. தைத்த துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தரும் கடையில் தையல் வேலை.

முதல் நாளே கேட்டாள். "என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"உங்கப்பா அடிச்சாரு."

"அது தெரியும். நானும் வாங்கியிருக்கேன். நான் கேட்டது அது இல்ல. என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினேன். "இதுல இருக்கு. படிச்சா உனக்கே புரியும்."

அவள் கை நீட்டவில்லை. எட்டு வருஷமும் நீட்டவில்லை.

வாரியத்தில் புத்தகத்தைக் கொடுத்த அடுத்த ஞாயிறு அவளாகக் கேட்டாள். "எனக்கு நாலு மாசம். அந்தப் புத்தகத்தைக் கொடுங்க, படிக்கிறேன். இப்பவாவது அந்தப் பதில் என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"இப்பதான் வாரியத்துக்குக் குடுத்தேன். கொஞ்சம் பொறு. புதுசா அச்சடிக்கப் போறாங்க. அட்டையெல்லாம் போட்டு வரும். நானும் அந்தக் கமிட்டியில இருக்கேன்" என்றேன். கடைசி வார்த்தைகளைச் சொன்னபோது இறங்கிய தோள்கூட ஏறிக்கொண்டது.

வாரியம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழ்த்தளம் கதாநாயகர்களுக்காகக் கட்டியது. அவர்களை மறுவாசிப்பு செய்யச் சொல்லி யாரும் கேட்காததால் அதை ஒரு நாற்காலிக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேல்மாடியில் நீளமான மேசை. ஒன்பது பேர் அமர்ந்திருந்தார்கள். நான் பத்தாவது.

செயலாளர் என் புத்தகத்தை இரண்டு விரலால் வாங்கி, ரசீது எழுதினார். 'மூலப்பிரதி ஒன்று. நிலை: வாசிக்கப்பட்டுச் சேதமடைந்தது.'

"இங்க வேற பிரதி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அதனாலதானே விளம்பரம் குடுத்தோம்."

"அப்ப ரெண்டு வருஷமா எதை வாசிச்சீங்க?"

அவர் பொறுமையாக விளக்கினார். "வாசிக்கிறது வேற துறை. அது கலைக்கப்பட்டுடுச்சு. நாங்க மறுவாசிப்பு."

தலைவர் எழுந்து என்னை வரவேற்றுப் பேசினார். வெள்ளை மீசை. குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. "இந்தப் பெண்ணுக்காக முப்பது வருஷமா நான் போராடிட்டு இருக்கேன். அவ வீட்டை விட்டு வெளியேறுனதப் பத்தி மட்டும் மூணு புத்தகம் எழுதியிருக்கேன். எழுதியிருக்கேன்னா, சொல்லச் சொல்ல என் மனைவி தட்டச்சு செஞ்சாங்க. மூணு புத்தகத்துக்கும் சேர்த்து ஒரு தடவைகூட அவங்க நடுவுல எழுந்து போனதில்ல. ஒரு பெண்ணோட விடுதலை இன்னொரு பெண்ணை எவ்வளவு ஆழமாக் கட்டிப்போடுது பாருங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தோள் வலித்தது.

பிறகு செயலாளர் அன்றைய கூட்டத்தின் குறிப்பை வாசித்தார். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. பக்கத்தில் இருந்த பேராசிரியையிடம் மெல்லக் கேட்டேன். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அவர்தான் மறுவாசிப்பு முறையையே வகுத்தவராம்.

"குறிப்பை முன்னாடியே எழுதிடுவோம். அப்பதான் கூட்டம் தப்பான திசையில போகாது" என்றார். "உங்களுக்கும் இடம் விட்டிருக்கோம், பாருங்க."

பார்த்தேன். 'எளிய வாசகர் கூறியதாவது' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு. இரண்டு சொல் எழுதலாம். மூன்றாவது சொல் தலைவரின் கையெழுத்துமேல் போய் இடிக்கும்.

வாரியத்தில் எந்தக் கதாநாயகியையும் நாற்பத்தொரு கேள்வி கொண்ட படிவத்தில் வைத்து மதிப்பிடுவார்கள். முடிவு தானே எடுத்தாளா? பாதிக்கப்படுவோருக்கு முன்கூட்டித் தெரிவித்தாளா? மாற்றுத் தங்குமிடம் ஏற்பாடு செய்திருந்தாளா? அவள் வெளியேறியதில் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு உண்டா? தேறுவதற்கு ஐம்பது மதிப்பெண் வேண்டும். சாவிக்காரி முப்பத்தெட்டு வாங்கியிருந்தாள். தேறாதவளை அப்படியே அச்சடிக்க விதியில் இடமில்லை. அவளைத் தேற்ற வேண்டும். அதற்குப் பெயர் மறுவாசிப்பு.

அடுத்து வந்த கூட்டங்களில் முதல் சிக்கல் பூட்டு. ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டுவது சட்டவிரோதம் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்டார். தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கருத்து வாங்கினார்கள். 'குடியிருப்புக்கு இரண்டாவது வழி கட்டாயம்' என்று பதில் வந்தது. எனவே சாவிக்காரியின் வீட்டுக்குப் பின்வாசல் வைத்தார்கள்.

"பின்வாசல் இருந்தா அவன் அந்த வழியா வந்து பிடிச்சுடுவானேங்க" என்றேன்.

"அதுக்கு அவன் கோபமா இருக்கணும்" என்றார் பேராசிரியை. "அவ முப்பது நாள் முன்னாடியே எழுத்துமூலமாத் தெரிவிச்சிருந்தா அவனுக்கு ஏன் கோபம் வரப்போகுது?"

அப்படியே முடிவானது. அவள் முப்பது நாள் அவகாசம் கொடுத்தாள். கணவன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டான்.

இரண்டாவது சிக்கல் மூட்டை. வெளியேறிய பிறகு சாவிக்காரி சரக்கு நிலையத்தில் உப்பு மூட்டை இறக்குகிறாள். ஒரு மூட்டை ஐம்பது கிலோ. அதை இருபது கிலோ ஆக்கினார்கள். கையுறை கொடுத்தார்கள்.

"இருபது கிலோன்னா ஒரு வண்டிய இறக்க ரெண்டரை மடங்கு நடை நடக்கணுமேங்க. அவளுக்கு இன்னும்தான் கஷ்டம்" என்றேன்.

"அதை வாசகர் கணக்குப் போட மாட்டார்" என்றார் தலைவர்.

நூற்று ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், முதல் வாரக் கடைசியில், சாவிக்காரியால் தலை வார முடியாது. கை மேலே எழும்பாது. சீப்பைச் சுவரில் இருந்த ஆணியில் செருகிவைத்து, தலையை அதில் தேய்த்து வாருவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் படித்து நான் அழுதிருக்கிறேன், நானும் ஆணி அடித்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டார்கள். வலி காட்டினால் அவள் பாதிக்கப்பட்டவளாகத் தெரிகிறாளாம். மூன்று மதிப்பெண் போகிறதாம்.

எல்லாம் சேர்த்தும் நாற்பத்தாறுதான் வந்தது. நான்கு குறைந்தது. செயலாளர் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"குழந்தைதான் இழுக்குது" என்றார்.

அறையில் ஒரு நிம்மதி பரவியது. எல்லாருக்கும் தெரிந்து யாரும் சொல்லாமல் இருந்த விஷயம்போல.

பேராசிரியை எழுந்தார். "நான் வெளிப்படையாவே பேசறேன். இன்னைக்கு ஒரு இளம் வாசகி இதைப் படிச்சா, நூத்தி நாப்பத்து மூணாம் பக்கத்துல கதாநாயகிகிட்ட இருந்து கழண்டு குழந்தை பக்கம் போயிடுவா. 'ஐயோ, அந்தக் குழந்தை என்ன ஆச்சு?'ன்னு கேப்பா. அப்புறம் விடுதலையப் பத்தி நாம எழுதுன எதையும் அவ படிக்க மாட்டா. எனக்கு இந்தப் பொண்ணு மாசு இல்லாம வேணும். பூரணமான ஒரு எதிர்ப்பு. குழந்தை இருந்தா அது பூரணமா இல்ல. குழந்தைக்குப் பதில் சொல்ற அளவுக்கு நம்ம கோட்பாடு இன்னும் வளரல. அதனால குழந்தைய எடுத்துடுறது நேர்மையானது."

அறுபத்தோரு இடத்தில் அந்தக் குழந்தை வருகிறது என்று எனக்குத் தெரியும். எண்ணியிருக்கிறேன். நான் எழுந்து நின்றேன். யாரும் சொல்லாமல் அங்கே நான் எழுந்தது அந்த ஒருமுறைதான்.

"குழந்தை வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணக் கூடாதுங்க. அவன் அடிச்சு விரட்டுனாலும் அவ போகாம மூணு வருஷம் கிடந்தது எதுக்குன்னு நினைக்கிறீங்க? அந்தப் பிள்ளைக்காகத்தான். அதை விட்டுட்டுப் போனாதான் அவ போனான்னு அர்த்தம். பிள்ளையே இல்லாதவ பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்புனா அது வெளியூர்ப் பயணம்ங்க. பஸ் டிக்கெட் செலவோட முடிஞ்சுபோச்சு. அவ குடுத்த விலையே அந்தக் குழந்தைதான். அதை எடுத்துட்டா அவ சும்மா வாங்குன மாதிரி ஆகிடும்."

மூச்சு வாங்கியது. பேராசிரியையின் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, "எவ்வளவு உயிரோட பேசுறீங்க!" என்றார். தலைவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். செயலாளர் குனிந்து கோட்டில் எழுதினார். என் பேச்சைக் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தேநீர் வாங்கியதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து வெளியீட்டு விழா. என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். இஸ்திரி அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையிலிருந்து கையாட்டினாள். தலைவர், "ஐம்பத்தெட்டு மதிப்பெண்!" என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. எனக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். புத்தகம் தரவில்லை. உறுப்பினர் பிரதிகள் தபாலில் வரும் என்றார்கள். நான் தபாலுக்காகக் காத்திருந்தேன். மகளிடம் நானே கையால் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன்.

அவள் காத்திருக்கவில்லை. ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூட வாசலுக்கு வந்தாள். எட்டு வருஷத்தில் ஞாயிறு தவிர வேறு நாளில் அவள் வந்ததே இல்லை. வயிறு நன்றாகத் தெரிந்தது. கையில் புத்தகம், கடையில் வாங்கியது. பின்னட்டையை மேலே திருப்பி என் முன்னால் நீட்டினாள்.

"இது நீங்கதானே?"

என் படம். இரண்டு தோளும் சமமாக இருந்தன, யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்:

'குழந்தை வேண்டாம்.' — எளிய வாசகர், சலவைத் தொழிலாளி.

கையால் அந்த வரியை மறைத்தேன்.

"நான் அப்படிச் சொல்லலம்மா. குழந்தை வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணக் கூடாதுன்னுதான் சொன்னேன். அங்க ரெண்டு சொல்லுக்குத்தான் இடம் இருந்துச்சு. சத்தியமா."

"சரி" என்றாள். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை. "உள்ளயும் படிச்சிட்டேன். எட்டு வருஷமா பதில் இதுல இருக்குன்னு சொன்னீங்க. இதுல பிள்ளையே கிடையாது. அவ நோட்டீஸ் குடுக்குறா, பின்வாசல் வழியாப் போறா. புருஷன் பெட்டியத் தூக்கிட்டு வந்து வழியனுப்பி வைக்கிறான். இதைப் படிச்சா நீங்க போனீங்க? அப்பாகிட்ட எத்தனை நாள் நோட்டீஸ் குடுத்தீங்க?"

"இருந்துச்சு. பிள்ளை இருந்துச்சு. எடுத்துட்டாங்க. அறுபத்தோரு இடத்துல இருந்துச்சு."

"அறுபது இடத்துல எடுத்திருக்காங்க" என்றாள்.

அவள் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். மடித்து அடையாளம் வைத்திருந்தாள். "இங்க பாருங்க. சரக்கு நிலையத்துக்குப் பக்கத்துல அவ தங்கியிருக்கிற ரூம். கொடியில ஒரு கவுன் காயுது. கீழ்மடிப்பு மூணு தடவை பிரிச்சு இறக்கியிருக்கு, பழைய தையல் தடம் வரிவரியாத் தெரியுதுன்னு எழுதியிருக்கு. தினமும் இதே வேலை பண்றவளுக்குத் தெரியாதா? பெரியவங்க உடுப்புக்கு யாரும் மூணு தடவை மடிப்பு இறக்க மாட்டாங்க. வளர்ற பிள்ளை உடுப்புக்குத்தான். இது யாரோட கவுன்?"

அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலையும் வைத்தேன். "அந்தப் பிள்ளையோடதுதான். போகும்போது பையில போட்டு எடுத்துட்டு வந்துடுவா. வருஷா வருஷம் இப்ப இவ்வளவு வளர்ந்திருப்பான்னு நினைச்சு ரெண்டு விரல் இறக்கித் தைப்பா. பார்த்தியா? நான் பொய் சொல்லல. பார்த்தியா?"

"அவ கிளம்புனதுக்கு அப்புறம் எத்தனை இடத்துல அந்தப் பிள்ளைய நினைக்கிறா?"

எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் கிளம்பும் பக்கத்துக்கு முன், பின் என்று பிரித்து நான் எண்ணியதில்லை. மனதுக்குள் புரட்டினேன். கவுன் ஒன்று. ரயிலில் அழும் குழந்தை ஒன்று. காய்ச்சலில் பிதற்றுவது. கடைசியில் பள்ளிக்கூட மணி.

"நாலு" என்றேன்.

"அறுபத்தொண்ணுல நாலு."

"ஆமா."

"எழுதுனது ஆம்பளையா, பொம்பளையா?"

"அட்டை இல்ல. தெரியாது."

"யாரா இருந்தாலும் நாலு தடவை நினைக்க வச்சிருக்காங்க." அவள் புத்தகத்தை மூடினாள். "திரும்பப் போய் பிள்ளையப் பார்க்குறாளா?"

"இல்ல. அதுக்குள்ள கதை முடிஞ்சிடும்."

"கதை முடிஞ்சிடும்" என்று திரும்பச் சொன்னாள். பிறகு முதல்முறையாக என்னை ஒருமையில் கேட்டாள். "நீ எத்தனை தடவை வந்த?"

பதினாறு வயதுப் பெண் கேட்டபோது எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தவள் நான். இப்போது எடுத்துவர எதுவும் இல்லை.

"ஒரு தடவை. நீ மூணாவது படிக்கும்போது. ஸ்கூல் கேட் வரைக்கும் வந்தேன். பிள்ளைங்க எல்லாம் ஒரே யூனிஃபார்ம்ல இருந்துச்சு. யாரு நீன்னு தெரியல. திரும்பிட்டேன்."

"அவ கவுன் எடுத்துட்டுப் போனா. நீ என்ன எடுத்துட்டுப் போன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"அப்ப இவ உன்னைவிடப் பரவாயில்ல" என்றாள். புத்தகத்தைத் துணி வண்டியில், அழுக்கு விரிப்புகளின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இடுப்பு வலி இருந்திருக்க வேண்டும். ஒரு கையை முதுகில் கொடுத்துக்கொண்டு நடந்தாள்.

இஸ்திரி அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். "என்னடி சொல்லிட்டுப் போறா?"

"புத்தகம் நல்லா இருக்குன்னு சொன்னா" என்றேன்.

முறைப்படி வர வேண்டிய ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு முடிந்ததும் நான் ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வாரியத்துக்குப் போனேன். என் பழைய பிரதி வேண்டும். குழந்தை இருக்கும் அறுபத்தோரு இடத்தையும் அவளுக்குக் காட்ட வேண்டும். நான்கு என்றாலும் அந்த நான்கையாவது.

செயலாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மூலப்பிரதியா? அதைக் கூழாக்கிட்டோமேம்மா."

"என்னங்க?"

"ஒரே கதைக்கு ரெண்டு பாடம் வெளியில இருந்தா வாசகர் குழம்பிப்போவாங்க. விதி இருக்கு. ஆனா வீணாக்கல. அந்தக் கூழ்லதான் புதுப் பதிப்போட முதல் அட்டை செஞ்சோம். சுற்றுச்சூழல் பத்தியில நாலு மதிப்பெண் கூடுதலா கிடைச்சதே அதனாலதான்." அலமாரியிலிருந்து ஒரு புதுப் பிரதியை எடுத்து, அட்டையைத் தடவிக் காட்டினார். "தொட்டுப் பாருங்க. இது உங்க புத்தகம்தான்."

தொட்டுப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது.

"நூத்தி எழுபத்தொண்ணாம் பக்கத்துல ஒரு கவுன் இருக்கு. அதை எடுக்க மறந்துட்டீங்க" என்றேன். எடுத்துவிடுவார்களோ என்று சொன்ன பிறகுதான் பயந்தேன்.

அவர் சிரித்தார். "நிறையப் பேர் கேட்டுட்டாங்க. பேராசிரியை அதைப் பத்தியே நாப்பது பக்கம் கட்டுரை எழுதிட்டாங்க. அது கதாநாயகிக்கு உள்ள உறங்குற குழந்தைமையோட குறியீடு. மடிப்பை இறக்குறது ஆன்ம வளர்ச்சி."

"அது ஒரு பிள்ளையோட கவுனுங்க."

"அப்படி ஒரு எளிய வாசிப்புக்கும் இடம் உண்டு" என்று ஒப்புக்கொண்டார்.

எழுந்திருக்கப் போனேன். அவர் கையமர்த்தி, மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதே நாற்பத்தொரு கேள்வி. மேலே 'வாழும் கதாநாயகி' என்று இருந்தது.

"நீங்களும் அந்தக் காலத்துல வீட்டை விட்டு வந்தவங்கதானாம். உங்ககூட வேலை பார்க்கிற அம்மா விழாவுல பேராசிரியைகிட்டச் சொன்னாங்க. தலைவர் ரொம்ப நெகிழ்ந்துட்டார். உங்களை மறுவாசிப்பு செய்யலாம்னு கூட்டக் குறிப்புலயே முடிவாயிடுச்சு. கூட்டம் அடுத்த வாரம். ஒரு கையெழுத்து மட்டும் போதும், மத்ததை நாங்களே நிரப்பிட்டோம்."

நிரப்பித்தான் இருந்தது. அறிவிப்புக் காலம்: முப்பது நாள். மாற்று ஏற்பாடு: இருந்தது. பத்தொன்பதாவது கேள்வி: குழந்தை. அதற்கு எதிரே 'இல்லை' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

பேனாவை வாங்கினேன். விரல்கள் நன்றாக மடங்கவில்லை. 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஒன்று' என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

"ஐயோ, அடித்தல் திருத்தல் இருந்தா படிவம் செல்லாதும்மா" என்று அவர் பதறினார். "மதிப்பெண்ணும் நாப்பத்தாறுக்கு இறங்கிடும். நீங்க தேற மாட்டீங்க."

"தேற மாட்டேன்" என்றேன்.

அவருக்கு வருத்தம்தான். கெட்ட மனிதர் இல்லை. ஒரு பெரிய பேரேட்டை இழுத்துத் திறந்தார். "அப்ப உங்க பேர்ல இருக்கிற வரவை முடிச்சுடலாம். வாரியம் உங்களுக்குத் தர வேண்டியது, நூல் ஒன்று. அதுக்கு ஈடா இந்தப் புதுப் பிரதி. வாங்கிக்கிட்டதா இங்க ஒரு கையெழுத்து."

"வாங்கல. அது பாக்கியாவே இருக்கட்டும்."

"பாக்கி வைக்கிறது எங்களுக்கு வழக்கமில்ல." பேனாவைத் தூக்கிப் பிடித்து நின்றார். "சரி, அப்படியே எழுதிக்கிறேன். வேற ஏதாவது நிலுவை உண்டா?"

"நான் ஒருத்திக்குத் தர வேண்டியது உண்டு."

"வாரியத்துக்கா?"

"என் மகளுக்கு."

"என்ன தரணும்?"

"பதினோரு வருஷம்."

அவர் பேரேட்டில் மேலும் கீழும் தேடினார். கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "அதுக்கு இதுல பத்தி இல்லையேம்மா" என்றார்.

பத்தி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். என் மகளுக்குப் பதினோரு வருஷம் பாக்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரு நாள்கூட இன்னும் தரவில்லை.